வீட்டுச் சாமான்களுக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் போட வேண்டும்? தூத்துக்குடி வெள்ளத்துக்கு முன்னும் பின்னும்

"அப்படி என்னத்தட்டி இருக்கு நம்ம வீட்டுல? நாலு ஏனமும் ரெண்டு கட்டிலும்தான?"

வீட்டுக்கு எடுக்கும் பாலிசியில் சாமான்களையும் சேர்க்கப்போகிறேன் என்றதும் அத்தை கேட்டது இது. இந்தப் பேச்சை யாரிடம் எடுத்தாலும் ஏறக்குறைய இதே பதில்தான் வருகிறது. காருக்கும் ஸ்கூட்டருக்கும் சட்டம் கேட்கிறது, எடுத்துவிடுகிறோம். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து மெடிக்கல் பாலிசி எடுக்கிறோம். இருபது வருடமாகச் சீட்டுப் போட்டும் போனஸ் வாங்கியும் ஒவ்வொன்றாகச் சேர்த்த வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் எத்தனையோ நல்ல குடும்பங்கள் 2023 டிசம்பரில் அதற்குக் கொடுத்த விலையை நான் கண்ணால் பார்த்தேன். இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், தரைத்தளம். 2017-இல் வீட்டுக்கடன் வாங்கியபோது பாங்கில் ஐந்து வருடத்துக்கு ஒரு தீ விபத்துப் பாலிசி போடச் சொன்னார்கள். அது கட்டடத்துக்கு மட்டுமானது. பாங்குக்குக் கட்டடம்தான் ஈடு. உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜும் பீரோவும் அவர்கள் கவலை இல்லை, அதில் தப்பும் சொல்ல முடியாது. "வீட்டுக்கடனோட இன்சூரன்ஸ் இருக்கே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தப் பாலிசியை எடுத்து, சாமான்கள் என்ற இடத்தில் ஏதாவது தொகை போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல பேருக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

2022-இல் அந்தப் பாலிசி முடிந்து புதிதாக எடுக்க வேண்டி வந்தது. அதற்குள் நடைமுறை மாறியிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் குடியிருப்பு வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசியை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்துவிட்டது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். இதில் வீட்டுக்காரர்களுக்கு நல்ல விஷயம் ஒன்று உண்டு. கட்டடத்துக்குப் போடும் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும். பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் நாம் தொகையைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

எங்கள் கட்டடத்துக்கு 24 லட்சம் போட்டோம். இங்கே ஒரு குழப்பம் நிறைய பேருக்கு வருகிறது. வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு இதற்கு உதவாது. நிலத்தை வெள்ளமும் தீயும் கொண்டுபோகாது. மறுபடி கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு. 24 லட்சத்தில் 20 சதவீதம் 4,80,000. "நாலு லட்சத்து எண்பதாயிரம் தாராளம் மேடம்" என்றார் ஏஜென்ட். தாராளமா இல்லையா என்பதை வீட்டைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டிருந்தோம். அதுதான் நல்ல சமயம் என்று நானும் மகளும் ஒரு நோட்டோடு உட்கார்ந்தோம். விதி ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டோம்: வாங்கிய விலையை எழுதக்கூடாது, இன்றைக்குக் கடைக்குப் போய் அதே மாதிரி வாங்கினால் என்ன ஆகுமோ அதை எழுத வேண்டும்.

அடுப்பங்கரையில் தொடங்கினோம். ஃபிரிட்ஜ் 34,000. கிரைண்டர் 7,000. மிக்ஸி 5,500. அடுப்பு 6,000. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் 14,000. அப்புறம் ஏனங்கள். அத்தை சொன்ன அதே 'நாலு ஏனம்'. குக்கர்கள், எவர்சில்வர் சம்படங்கள், அத்தையின் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும், எனக்குச் சீராக வந்த குடங்கள், தவலை. பாத்திரக்கடையில் கிலோ விலை விசாரித்துப் போட்டதில் குறைத்துக் கணக்கிட்டே 60,000 வந்தது. அடுப்பங்கரை மட்டும் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியது. அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பரண்ல இருக்க இட்லிக் கொப்பரையையும் எழுதுட்டி" என்றார்கள்.

அடுத்தது பீரோ. என்னைக் கேட்டால், கணக்கு பிசகும் இடமே இதுதான். டிவி, ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் யாருக்கும் ஞாபகம் வரும். துணியை யாரும் எண்ணுவதில்லை. என் கல்யாணப் பட்டு, அத்தையின் பட்டுகள், நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தவை, எங்க வீட்டுக்காரரின் பட்டு வேட்டிகள் என்று பட்டுத்துணி மட்டுமே ஒன்றரை லட்சத்துக்குப் போனது. அதோடு ஐந்து பேரின் தினப்படி உடுப்பு, பள்ளிக்கூட யூனிஃபார்ம், போர்வை, மெத்தை, தலையணை. ஒரு குடும்பம் உடுத்தவும் படுக்கவும் ஒன்றுமில்லாமல் நின்றால் முதல் மாதத்தில் என்னென்ன வாங்கியாக வேண்டும் என்று யோசித்தால் இந்தத் தொகை பெரிதாகத் தெரியாது.

தையல் மெஷின், இன்வெர்ட்டரும் பேட்டரியும், மகனின் சைக்கிள், புத்தக அலமாரி, ஸ்டீல் பீரோக்கள், சோபா, கட்டில்கள், இரண்டு ஏசி, லேப்டாப். எல்லாம் கூட்டியபோது எட்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாங்கள் பணக்காரர்கள் இல்லை. நான் பள்ளி ஆசிரியை, அவர் துறைமுகத்தில் வேலை. எங்களைப் போன்ற எந்த வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டால் இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

ஆக, தானாக வரும் 4,80,000 எங்களுக்குப் பாதிதான். 9 லட்சம் என்று அறிவித்துப் பாலிசி எடுத்தோம். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் ஒரு பெரிய பாரமாக இல்லை. ஊரையும் சேர்க்கும் பாதுகாப்பையும் பொறுத்து அது மாறும் என்பதால் என் தொகையைச் சொல்லி யாரையும் குழப்ப விரும்பவில்லை.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல பாலிசிகளில் விகிதாசாரக் கழிவு என்று ஒன்று உண்டு. 10 லட்சம் மதிப்புள்ள சாமானுக்கு 5 லட்சம் மட்டும் போட்டிருந்தால், 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். பாதிக்குத்தானே காப்பீடு செய்தாய், நஷ்டத்திலும் பாதிதான் என்ற நியாயம். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தக் கழிவு கிடையாது, அது அந்தப் பாலிசியின் பெரிய பலம். ஆனாலும் போட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வராது. திருட்டு, நகை எல்லாம் சேர்த்து விற்கிற தொகுப்புப் பாலிசிகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் விதி வேறாக இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த ஆண்டு வந்தது அந்த மழை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது எங்களுக்கு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் தண்ணீருக்குள் இருந்தன. எங்கள் தெருவில் இரவில் நுழைந்த தண்ணீர் விடிவதற்குள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அத்தையையும் பிள்ளைகளையும் மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டு, கைக்குக் கிடைத்ததைப் பரணில் தூக்கி வைத்தோம். அந்த நேரத்தில் பாலிசி எல்லாம் யார் மனதிலும் இல்லை.

தண்ணீர் வடிய நாளானது. உள்ளே போனபோது ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. பிளைவுட் கட்டில் ஊறி உப்பி, தொட்டால் ஏடு ஏடாக உரிந்தது. பீரோவின் கீழ்த்தட்டுத் துணியெல்லாம் சேறும் சாக்கடையும். ஒரு பட்டின் சாயம் இன்னொன்றில் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு காரியத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீடு நாறுகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் தெருவில் தூக்கிப் போட்டுக் கழுவிவிடத்தான் கை பரபரக்கும். போடாதீர்கள். எங்கள் தெருவில் பலர் அப்படிப் போட்டதை மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது. நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை, அல்லது கம்பெனி எழுத்தில் சம்மதம் தரும் வரை, கெட்டுப்போன பொருளை ஒரு மூலையில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தார்ப்பாய் கட்டி அதற்குக் கீழே எல்லாவற்றையும் சேர்த்தோம். மெத்தை மாதிரி வைத்திருக்கவே முடியாததைப் பல பக்கத்திலிருந்து படம் எடுத்து, ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அப்புறப்படுத்தினோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கரைத் துடைத்துத் தனியாக ஒரு படம் எடுத்தோம். சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் கழுவாமல் விட்டோம்.

கம்பெனிக்குத் தகவல் சொன்னது நான்கூட இல்லை, மதுரையில் இருக்கும் என் தம்பி. பாலிசியின் நகலையும் பொங்கலுக்கு எடுத்த படங்களையும் அவனுக்கு முன்பே அனுப்பி வைத்திருந்தேன். எங்களுக்கு சிக்னல் வருவதற்குள் அவன் போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்கிவிட்டான். ஊர் முழுக்க முடங்கும் வெள்ளத்தில் நம் போனில் மட்டும் இருக்கும் பாலிசியால் பிரயோஜனம் இல்லை. வெளியூரில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு நகல் இருக்கட்டும்.

சர்வேயர் வந்து முதலில் செய்தது, டேப்பை எடுத்துச் சுவர்க்கறையின் உயரத்தை அளந்ததுதான். பிறகு ஒவ்வொரு பொருளும் எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்டார். பரணில் இருந்தது, சுவரில் மாட்டியிருந்தது எல்லாம் கணக்கில் வராது, வரவும் கூடாது. பட்டியலும் பழைய படங்களும் இருந்ததால் பேச்சு சுருக்கமாக முடிந்தது. எல்லாவற்றுக்கும் பில் இல்லை. கல்யாணச் சீருக்கு யாரிடம் பில் இருக்கும்? படத்தில் அந்தப் பொருள் நம் வீட்டு அலமாரியில் இருப்பது தெரிந்தால் அதுவே பெரிய சாட்சி. வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்கலாம் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார், அதற்குப் பழுதுச் செலவு. ஃபிரிட்ஜுக்கும் கட்டில்களுக்கும் மாற்றுப் பொருளின் விலை. சில பாலிசிகள் பழைய பொருளுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தரும். புதுப்பொருளின் விலையா, தேய்மானம் போகவா என்பது எடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

முதல் அறிக்கையில் துணிகளுக்கு ஏதோ பெயருக்கு ஒரு தொகை எழுதியிருந்தார்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் படங்களோடு, எந்தத் தட்டில் எந்தத் துணி, இன்றைய விலை என்ன என்று வரிசையாக எழுதி அனுப்பினேன். திருத்தினார்கள். கோபத்தில் பேசியிருந்தால் அது நடந்திருக்காது, பட்டியல்தான் பேசியது.

கட்டிலும் பீரோவும் ஃபிரிட்ஜும் துணியும் சேர்த்து எங்களுக்கு வந்த தொகை மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் அரசு நிவாரணமும் வந்தது. அன்றைக்கு அரிசி பருப்புக்கு அது உயிர் கொடுத்த பணம், ஆனால் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கக்கூட அது காணாது.

"அப்போ நாலே முக்கால் லட்சமே போதும்தானே, எதுக்கு ஒன்பது?" என்று எங்க வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். வெள்ளம் இடுப்புக்குக் கீழே இருந்ததைத்தான் எடுத்தது. சிலிண்டரோ, பூஜையறை விளக்கோ, மின்கசிவோ ஒரு தீயைக் கிளப்பினால் பரண், மேல்தட்டு என்று எதையும் விடாது. எவ்வளவு போட வேண்டும் என்பதைத் தீயை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, எதற்கெல்லாம் கிடைக்காது என்பது. மாடி வீட்டு அக்காவுக்கு வெள்ளம் ஏறவே இல்லை. கரண்ட் திரும்ப வந்தபோது வோல்டேஜ் எகிறி டிவி எரிந்துபோனது. இவ்வகைப் பாலிசிகளில் மின்அழுத்தத்தாலும் ஷார்ட் சர்க்யூட்டாலும் அந்தக் கருவிக்கே வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அது வேறு விஷயம். கருவிகளுக்கே பழுதுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணம், பத்திரங்கள், வாகனம் ஆகியவை சாமான்களில் வராது. வாசலில் மூழ்கிய எங்கள் ஸ்கூட்டருக்கு அதன் சொந்தப் பாலிசிதான் கொடுத்தது. அதுவும் முழுப் பாலிசியாக இருந்ததால். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

திருட்டு விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. 'வீட்டு இன்சூரன்ஸ்' என்றால் திருட்டும் அடங்கும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படையில், வெள்ளம், தீ போன்ற சம்பவம் நடந்து 7 நாட்களுக்குள், அதன் காரணமாக நடக்கும் திருட்டு மட்டுமே அடங்கும். கல்யாணத்துக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்தால் அது இதில் வராது. அதற்கு திருட்டுப் பாதுகாப்பைத் தனியாக எடுக்க வேண்டும். அதிலும் பூட்டையோ ஜன்னலையோ உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்கள், போலீஸ் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். மகன் வீடு, மகள் வீடு என்று மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எத்தனை நாள் வரை பாதுகாப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நகையும் தனிதான். மதிப்புமிக்க பொருள்கள் என்று கூடுதல் பாதுகாப்பாக, நாமும் கம்பெனியும் முன்பே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு எடுக்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு நகை 1 லட்சத்துக்கு மேல் போகாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று வேண்டாம். இன்றைய சவரன் விலைக்கு இரண்டு சவரன் செயின்கூட அந்த 1 லட்சத்தைத் தாண்டிவிடும். பழைய மதிப்பை அப்படியே வைத்துப் புதுப்பிக்காதீர்கள். "நகை எல்லாம் லாக்கர்லதான இருக்கு" என்பவர்களுக்கு: 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் பாங்கின் பொறுப்பு வருட வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். வெள்ளம், பூகம்பம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்தப் பொறுப்பும் இல்லை.

வாடகை வீட்டில் சொந்தச் செலவில் அலமாரி, கிச்சன் கபோர்டு அடித்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சுவரோடு நிரந்தரமாகப் பொருத்தியது கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். வீட்டு உரிமையாளர் கட்டடத்துக்கு எடுக்கவில்லை என்றால் உங்கள் மரவேலை இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கும். எடுக்கும்போதே அதைத் தெரிவித்து, பாலிசியில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தால் கட்டடத்துக்குப் போட்ட தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகவே கூடும், அதற்குத் தனி பிரீமியம் இல்லை. பாலிசியைப் 10 வருடம் வரை எடுக்கலாம். ஆனால் நடுவில் ஏசி, லேப்டாப் என்று பெரிதாக வாங்கினால் அந்த 10 சதவீதத்தை நம்பி இராமல் சாமான்களுக்கான தொகையை உயர்த்தச் சொல்லி, அந்த மாற்றத்தைப் பாலிசியில் பதியும் எண்டார்ஸ்மென்ட் வாங்குவது நல்லது. நாங்கள் வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய எல்லாவற்றின் பில்லையும் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டோம். பட்டியலை ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்போடு சேர்த்துத் திருத்துவது இப்போது மகளின் பொறுப்பு. அத்தையும் கூடவே உட்கார்ந்து விட்டுப்போனதைச் சொல்கிறார்கள்.

கிளெய்மை மறுத்தாலோ குறைத்தாலோ அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை எடுத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம்.